ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் போடும் மதிப்பெண்



டி.பார்ம். முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்துகொள்ளும் முன் ஒரு வெளியேறும் தேர்வு எழுத வேண்டும் என்று இந்திய மருந்தியல் கவுன்சில் 2022-இல் விதி செய்தது. 2024 அக்டோபரில் அது முதல் தடவையாக நடந்தது. மூன்று தாள்கள். மூன்றிலும் கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். அந்தத் தேர்வு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மெட்ஃபார்மினுக்கும் மெட்டோபுரோலாலுக்கும் வித்தியாசம் தெரியாதவர் கையில் மருந்து அலமாரியின் சாவி போகக் கூடாது. ஆனால் அந்த மூன்று தாளிலும் மாணவர் ஓரிடத்தில்கூட வாய் திறக்க வேண்டியதில்லை. எதிரே ஒரு மனிதர் நிற்பதில்லை. நாளை மறுநாள் அதே மாணவர் அரசு மருத்துவமனையின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நிற்பார். வெளியே நீண்ட வரிசை. முதலில் நிற்கும் மூதாட்டி இரண்டு அட்டைகளைக் காட்டி, “தம்பி, இந்த வெள்ளையும் அந்த வெள்ளையும் ஒண்ணுதானப்பா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான்கு விடைகள் அச்சடித்துத் தரப்படுவதில்லை.

மருந்தியல் மாணவர் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை அளக்க முடியுமா, அளந்தால் அந்த மதிப்பெண்ணை யார் போடுவது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது.

முதலில் பாடத்திட்டத்தைப் பார்த்துவிடுவோம். நாலு வருடப் பி.பார்ம். படிப்பில் முதல் பருவத்திலேயே ‘கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. 2017-இல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியாக வந்த பாடத்திட்டம் அது. அதன் செய்முறைப் பகுதியைப் புரட்டினால் என்ன இருக்கிறது? ஆட்களைச் சந்திப்பது, நண்பர்களைச் சேர்த்துக்கொள்வது, உச்சரிப்பு, நேர்முகத் தேர்வில் பதில் சொல்வது, மின்னஞ்சல் எழுதும் முறை, மேடையேறி விளக்குவது. எல்லாம் ஆங்கிலத்தில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. நோயாளி ஏழாவது பருவத்தில்தான் வருகிறார், ‘பார்மசி பிராக்டிஸ்’ என்ற பாடத்தில். அதுவும் எழுத்துத் தாளோடு சரி. அந்தப் பாடத்துக்குச் செய்முறை வகுப்பு கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு வருட டி.பார்ம். படிப்புக்கான 2020 விதிமுறைப் பாடத்திட்டத்தில் செய்முறை இருக்கிறது. இன்ஹேலர் பிடிக்கவும் கண்ணில் சொட்டு மருந்து விடவும் சொல்லிக்கொடுக்கப் பழக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். 2008-இல் வந்த ஆறு வருடப் பார்ம்.டி. மாணவர்கள் வார்டிலேயே நிற்கிறார்கள். நடுவில் இருக்கும் பெருங்கூட்டமான பி.பார்ம். மாணவரால்தான் நோயாளியின் முகத்தையே பார்க்காமல் பட்டம் வாங்க முடிகிறது.

இதனால் ஒரு விபரீதம் நடக்கிறது. நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளை, பேச்சுத் திறன் என்றால் ஆங்கிலம் பேசும் திறன் என்று முதல் வருடத்திலேயே முடிவு கட்டிவிடுகிறது. தன் அப்பத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துப் பழகிய பெண், எந்த மாத்திரையை எந்த நேரத்தில் கொடுத்தால் அந்தக் கிழவி ஒளித்துவைக்காமல் விழுங்குவாள் என்று அறிந்தவள், மொழிக்கூடத்தில் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறாள். அவளிடம் இருந்த திறமையைப் பாடத்திட்டம் கண்டுகொள்ளவே இல்லை. மல்லாங்கிணற்றுப் பேச்சு தமிழச்சி தங்கபாண்டியன் கவிதைகளில் ஏறியிருக்கிறது. கரிசல் காட்டுச் சொற்களைக் கி.ராஜநாராயணன் 1982-இலேயே அகராதியாக்கிவிட்டார். மருந்தியல் தேர்வறைக்குள் மட்டும் அந்தப் பேச்சு இன்னும் நுழையவில்லை. மேலுக்கு முடியலை, நெஞ்சைக் கரிக்குது, கிறுகிறுன்னு வருது, கால் உளையுது, ஒரே சடவா இருக்கு. இப்படித்தானே நம் ஆட்கள் சொல்வார்கள்? இவற்றில் எது மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம், எது டாக்டரிடம் உடனே அனுப்ப வேண்டியது என்று பிரித்தறியத் தெரிகிறதா என்று எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

மாணவரை நோயாளியிடம் பேசப் பழக்கும் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. 1990-களின் நடுவில் மைசூரிலும் ஊட்டியிலும் இருக்கும் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரிகள், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்து மருத்துவமனை ஒன்றின் துணையோடு, ‘பார்மசி பிராக்டிஸ்’ முதுகலைப் படிப்பைத் தொடங்கின. அதுவரை மருந்தியல் கல்லூரி என்றால் மாத்திரை அச்சு, குடுவை, கண்ணாடிக் குழாய். ஊட்டி மாணவர்கள் அரசுத் தலைமை மருத்துவமனைக்குள் போய்க் கட்டிலருகில் நின்றார்கள். பார்ம்.டி. படிப்பு பின்னால் வந்ததற்கும் அந்த அடி எடுத்துவைப்புக்கும் தொடர்பு உண்டு. பேசக் கற்றுக்கொடுப்பது அப்படித் தொடங்கியது. பேச்சை அளப்பது எப்படி என்பது அதைவிடப் பழைய கேள்வி.

1963-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஓவியர்களுக்கு மாடலாக அமரும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, கால் விளங்காத நோயாளிபோல் நடிக்கப் பழக்கினார். மாணவர் ஒவ்வொருவராக உள்ளே போய் அவரைப் பரிசோதிப்பார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெண், மாணவர் என்ன கேட்டார், எதை விட்டார், எப்படி நடந்துகொண்டார் என்று குறித்துக்கொடுப்பார். சக மருத்துவர்கள் கேலி செய்தார்கள், ஹாலிவுட் பக்கத்தில் இருக்கிற தோஷம் என்று. பன்னிரண்டு வருடம் கழித்து, 1975-இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் அந்த யோசனையைத் தேர்வு வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். வரிசையாக ‘நிலையங்கள்’ எனும் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, மணி அடித்தால் அடுத்த அறை. எல்லா மாணவருக்கும் ஒரே நோயாளி, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் தாள். நம் மாணவர்கள் ‘ஆஸ்கி’ என்று செல்லமாகவும் பயத்தோடும் சொல்வது இதைத்தான். நம்மூரில் காலங்காலமாக நடக்கும் வாய்மொழித் தேர்வில் மாணவருக்கு எந்தக் கேள்வி விழும் என்பது தேர்வாளர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதைப் பொறுத்தது. அதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஆஸ்கியிலும் ஒரு வஞ்சகம் இருக்கிறது. மதிப்பெண் தாள். வணக்கம் சொன்னாரா, 1. தன் பெயரைச் சொன்னாரா, 1. மருந்தின் பெயர், 1. எத்தனை வேளை, 1. பக்கவிளைவு, 1. வேறு சந்தேகம் உண்டா என்று கேட்டாரா, 1. மாணவர் கெட்டிக்காரர், ஒரே வாரத்தில் இதை மனப்பாடம் செய்துவிடுவார். பிறகு எந்த நோயாளி வந்தாலும் அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் மந்திரம் சொல்வதுபோல மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார். எதிரே நிற்பவர் அழுகிறாரா, காது கேட்கிறவரா என்று பார்க்க மாட்டார். பார்த்தால் நேரம் போய்விடும், மதிப்பெண் போய்விடும். டொரொன்டோவில் பிரயன் ஹாட்ஜஸ் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அம்பலப்படுத்தியது. மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், பல வருடம் தொழில் செய்த குடும்ப மருத்துவர்கள் ஆகிய மூன்று பிரிவினரையும் ஒரே ஆஸ்கியில் உட்காரவைத்தார்கள். கட்டம் கட்டமாக ‘டிக்’ போடும் தாளில் அனுபவசாலிகளுக்குத்தான் குறைந்த மதிப்பெண்! காரணம், அவர்கள் பட்டியல் கேட்கவில்லை. நோயாளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு தேவையானதை மட்டும் கேட்டார்கள். பழகப் பழக மதிப்பெண் குறையும் தேர்வு எதை அளக்கிறது?

அமெரிக்காவில் இதே நோய் கடைவீதியிலேயே வந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் மருந்து வாங்குகிறவர்களுக்கு, மருந்தாளுநர் ஆலோசனை தர முன்வர வேண்டும் என்று 1990-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 1993 ஜனவரியிலிருந்து நடைமுறை. நல்ல சட்டம். நாளடைவில் பல கடைகளில் அது ஒரு கையெழுத்தாகச் சுருங்கிவிட்டது. “ஆலோசனை வேண்டாம்” என்று அச்சிட்ட கோட்டின் மேல் நோயாளி கையெழுத்துப் போடுவார், பையை வாங்கிக்கொண்டு போவார். நம் நாட்டிலும் 2015 ஜனவரியில் வந்த மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள் கவுன்சலிங்கை மருந்தாளுநரின் கடமை என்று சொல்கின்றன. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், எப்படிப் பத்திரப்படுத்துவது, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது என்றெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பட்டியலில் குறையில்லை. பட்டியலை ஒப்பித்தால் கடமை முடிந்தது என்று நினைப்பதில்தான் குறை. மருத்துவர் சொல்லும் விஷயத்தில் 40 முதல் 80 விழுக்காடு உடனடியாக மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் பாதிக்கு அருகே தவறாக நிற்கிறது என்று 2003-இல் ராய் கெசெல்ஸ் என்பவர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். மாணவர் பத்து விஷயம் சொன்னதற்குப் பத்து மதிப்பெண் போடுகிறோம். ஜன்னலுக்கு வெளியே நாலைந்துகூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

என் கட்சி இதுதான்: மாணவர் சொன்னதை எண்ணுவதை விட்டுவிட்டு, நோயாளியிடம் போய்ச் சேர்ந்ததை எண்ண வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வழி அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான அரசு சுகாதாரச் சேவையில் பிறந்தது. அங்கே மருந்தாளுநர் முதலில் வாய் திறந்து விளக்கம் சொல்ல மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: “இந்த மாத்திரை எதுக்குன்னு டாக்டர் சொன்னாங்கம்மா?” “எப்படிச் சாப்பிடச் சொன்னாங்க?” “சாப்பிட்டா என்ன ஆகும்னு சொன்னாங்க?” நோயாளி சொல்லும் பதிலில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதை மட்டும் மருந்தாளுநர் அடைப்பார். கடைசியில், “வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா எப்படிச் சொல்லுவீங்க? எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க” என்பார். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் நம் மக்கள் எல்லாருமே தலையாட்டுவார்கள். படித்த பிள்ளையிடம் புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் அவர்கள். “புரிஞ்சுதா” என்று கேட்டு முடிக்கிற மாணவருக்கு நான் தேர்வாளராக இருந்தால் அந்த வரிக்கு மதிப்பெண் தர மாட்டேன்.

இந்த முறையில் கேள்வித்தாள் எப்படி இருக்கும்? இந்த விருதுநகர் மாவட்டத்துக்கென்றே சில நிலையங்களைச் சொல்கிறேன்.

சளி, மூக்கொழுகல். வயது 30, ஆண். சீட்டில் குளோர்பெனிரமின் எழுதியிருக்கிறது. சாதாரண மாத்திரை, விலையும் குறைவு. பாடப்புத்தகம் தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்லச் சொல்கிறது. மாணவரும் சொல்வார். எதிரே நிற்பவரிடம் வண்டியே இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போவார். அவர் விடிகாலையில் பட்டாசு ஆலைக்குப் போய் மருந்து கலக்கும் அறையில் நிற்கிறவர். அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் சேரும் இடம். உராய்வு ஆகாது, தட்டக் கூடாது, கீழே போடக் கூடாது. அங்கே ஒரு நிமிடம் கண் சொக்கினால் அவரோடு போகாது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்த அவையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த விபத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையில் கவனம் என்பது என்ன விலை பெறும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆகவே இந்த நிலையத்தில் முழு மதிப்பெண்ணும் ஒரே கேள்விக்குத்தான்: “அண்ணே, என்ன வேலை பாக்குறீங்க?” அதைக் கேட்டவர், இரவில் மட்டும் சாப்பிடலாமா, தூக்கம் குறைவாக வரும் வேறு மாத்திரை டாக்டர் தருவாரா, இரண்டு நாள் விடுப்புக் கிடைக்குமா என்று பேச்சை நகர்த்துவார். கேட்காதவர் மற்ற எல்லாவற்றையும் அழகாகச் சொன்னாலும் தேறக் கூடாது. லண்டனிலோ சென்னையிலோ அச்சான மதிப்பெண் தாளில் இந்தக் கேள்வி இருக்காது. அதை இங்கே இருக்கிறவர்கள்தான் எழுத வேண்டும்.

அடுத்தது மூட்டுவாதம். மெத்தோடிரெக்சேட். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும். உலகமெங்கும் அப்படி இறந்தவர்கள் உண்டு. மாணவர் “வாரம் ஒருமுறை” என்று சொன்னாரா என்று பார்ப்பது போதாது. நோயாளியாக இருப்பவர் கடைசியில், “ஞாயித்துக்கிழமை மட்டும். மத்த நாள் தொடக் கூடாது. மஞ்ச மாத்திரையை மறுபடி வாங்குறப்ப நெறம் மாறியிருந்தா கேட்டுக்கிடணும்” என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கிழமையின் பெயர் வரவில்லை என்றால் அந்த நிலையத்தில் தோல்வி. இப்படிச் சில விஷயங்களுக்குச் சராசரி போடக் கூடாது. மற்ற ஒன்பதும் சரி, இது ஒன்றுதான் தப்பு என்றால் அது 90 மதிப்பெண் இல்லை.

மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் கேப்சூல் இன்னொன்று. ரோட்டாஹேலரில் வைத்து உறிஞ்ச வேண்டிய பொடி அது. விளக்காமல் கொடுத்தால் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுவார்கள். கேப்சூல் என்றால் விழுங்குவதுதானே வழக்கம்? இங்கே பேச்சே வேண்டாம். நோயாளி கருவியை வாங்கி, போட்டு, திருகி, மூச்சை வெளியே விட்டு, பிறகு வேகமாக உள்ளே இழுத்துக் காட்டுகிறாரா என்று பார்த்தால் போதும். ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால் வாய் கொப்பளிக்கிறாரா என்றும் பார்க்கலாம். உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் அப்படியே. ஒரு லிட்டருக்கு உள்ளதும் 200 மில்லிக்கு உள்ளதும் ஒரே கடையில் தொங்குகின்றன. வயிற்றால் போகும் குழந்தையின் தாயிடம் ஒரு சொம்பும் ஒரு டம்ளரும் ஒரு பெரிய வாட்டர் பாட்டிலும் வைத்துவிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். அவர் எதை எடுக்கிறார் என்பதே மாணவருக்கான மதிப்பெண்.

சொல்லக் கூச்சமானது ஒன்று. பெண்களுக்கு உள்ளே வைக்கக் கொடுக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை. கடையில் கூட்டம், பக்கத்தில் தெரிந்த அண்ணாச்சி நிற்கிறார், கவுன்ட்டரில் இருப்பது இருபத்திரண்டு வயதுப் பையன். அவன் அட்டையைப் பொட்டலம் கட்டி, “ராத்திரிக்கு ஒண்ணு” என்று மட்டும் சொல்லி அனுப்புகிறான். அந்தப் பெண் ராத்திரி ஒன்றை விழுங்குகிறார். இந்த நிலையத்தில் நான் பார்ப்பது சொற்களை அல்ல. பையன் அவரை ஓரமாகக் கூப்பிட்டானா? கூட வேலை பார்க்கும் பெண்ணைப் பேச அழைத்தானா? ஒரு படம் வரைந்து தாளை மடித்துக் கொடுத்தானா? எதுவும் சரி. அந்தப் பெண் எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, தலை குனியாமல் வெளியே போனால் போதும். இந்த வேடத்தில் நடித்த பெண்ணிடம்தான் மதிப்பெண் கேட்க வேண்டும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்கு அது தெரியாது.

இன்சுலின் பற்றி ஒரு வார்த்தை. 2 முதல் 8 டிகிரியில் ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று எல்லா மாணவரும் சொல்கிறார்கள். விருதுநகர் சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குப் போகிறவரிடம் அது பாதி ஆலோசனை. வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று முதலில் கேட்டு, இல்லை என்றதும் தண்ணீர்ப் பானை பற்றிப் பேசத் தெரிந்த மாணவர் தேறியவர்.

நோயாளியாக நடிக்க யார் வருவார்கள்? நாடகக்காரர்களைத் தேட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே போய் மாத்திரை கொடுக்கும் பெண்கள், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர்கள். யார் மாத்திரையை அரிசிப் பானையில் போட்டு வைக்கிறார்கள், யார் பாதி நாள் விட்டுச் சாப்பிடுகிறார்கள், நீர் மாத்திரையைப் பெண்கள் ஏன் வேலை நாளில் தொடுவதில்லை என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கேள்வித்தாளை அவர்களோடு உட்கார்ந்துதான் எழுத வேண்டும். ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், ஆசிரியர், ஆலையில் கை சுட்டு வேலையை விட்டவர் ஆகியோரும் வரலாம். ஒரே கதையை அறுபது தடவை மாறாமல் சொல்லப் பழக்க வேண்டும், அதுதான் கடினம். பத்தாவது மாணவருக்கு நோயாளி களைத்துப்போய் எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவார், நாற்பதாவது மாணவரிடம் எரிந்து விழுவார். ஒரு வேடத்துக்கு இரண்டு பேரை மாற்றி மாற்றி வைத்தால் சமாளிக்கலாம்.

நேரம் இல்லை, ஆள் இல்லை என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வகுப்பில் 60 பேர். ஆறு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் 7 நிமிடம், மாறுவதற்கு 1 நிமிடம். ஆறு பேர் கொண்ட குழு 48 நிமிடத்தில் ஆறையும் சுற்றிவிடும். பத்துக் குழுக்களுக்கு 480 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம். ஒரே நாள். ஒரு நிலையத்துக்கு இரண்டு தேர்வாளர் வேண்டும் என்று சில கல்லூரிகளில் பிடிவாதம் பிடிப்பார்கள். தேவையில்லை. ஒரு நோயாளியிடம் நன்றாகப் பேசியவர் இன்னொரு நோயாளியிடம் தடுமாறுவார் என்பது மருத்துவக் கல்வி ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது. எனவே ஒரே அறையில் இரண்டு பேரை உட்காரவைப்பதைவிட, அந்த இரண்டாம் ஆளுக்கு இன்னொரு அறையும் இன்னொரு நோயாளியும் கொடுப்பதே மதிப்பெண்ணை நம்பகமாக்கும்.

தேர்வறையில் பேசுகிறவர் கடையில் பேசுவாரா? இதுதான் நியாயமான சந்தேகம். 1990-இல் ஜார்ஜ் மில்லர் என்பவர் ஒரு கோபுரம் வரைந்தார்: தெரிந்திருப்பது, எப்படி என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, உச்சியில் அன்றாடம் செய்வது. ஆஸ்கி மூன்றாம் படியோடு நின்றுவிடும். நான்காம் படியைப் பார்க்க நம் நாட்டிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. டெல்லி, மும்பை, பாட்னாவில் 622 மருந்துக் கடைகளுக்கு, நோயாளிபோல் பழக்கப்பட்ட ஆட்களைச் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பினார்கள். 2016-இல் முடிவு வெளியானது. காசநோய் அறிகுறிகளை மட்டும் சொன்னபோது, ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்பிய சந்திப்புகள் 13 விழுக்காடுதான். சளிப் பரிசோதனை முடிவைக் காட்டியபோது அது 62 விழுக்காடாக ஏறியது. ஒரு கடைகூடக் காசநோய்க்கான முதல்நிலை மருந்துகளைத் தூக்கிக் கொடுக்கவில்லை; இதையும் சொல்ல வேண்டும். நோய் இன்னதென்று தாளில் இருந்தால் கடைக்காரர் சரியாக நடக்கிறார். நோயாளியைக் கேட்டு அறிய வேண்டியிருந்தால் தவறிவிடுகிறார். அந்த இடைவெளியின் பெயர்தான் பேச்சு.

அதோடு, கவுன்ட்டரில் நிற்பவர் மருந்தாளுநர்தானா என்ற கேள்வியும் இருக்கிறது. மருந்துச் சீட்டுக்கு மருந்து எடுத்துத் தருவது பதிவுபெற்ற மருந்தாளுநரின் வேலை என்று 1948-ஆம் வருடத்து மருந்தியல் சட்டத்தின் 42-ஆவது பிரிவு சொல்கிறது. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் ஒருவருடையது, கை இன்னொருவருடையது என்று பல இடங்களில் நடப்பது ஊரறிந்தது. சான்றிதழை வாடகைக்கு விடும் பட்டதாரியைப் பேச்சுத் தேர்வு திருத்தாது. அது ஆய்வாளரின் வேலை. 2025 பிப்ரவரி 24-இல் தமிழ்நாடெங்கும் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். பி.பார்ம்., டி.பார்ம். படித்தவர்களுக்கு அதில் இடம் இருக்கிறது. படித்தவரே நேரில் நிற்கும் கடைகள் பெருகினால் பேச்சை அளப்பதற்கும் அர்த்தம் கூடும்.

தேறாதவரை என்ன செய்வது? தேர்வு முழுவதையும் மறுபடி எழுத வைப்பது அநியாயம். எந்த நிலையத்தில் விழுந்தாரோ அதற்கு மட்டும் மறுதேர்வு; அதற்கு முன் இரண்டு வாரம் அரசு மருத்துவமனையின் மருந்து ஜன்னலருகே நிற்க வேண்டும், உள்ளே அல்ல, வெளியே, வரிசைப் பக்கம். மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். மறுதேர்வில் மதிப்பெண் போடும்போது அந்தக் குறிப்புப் புத்தகத்தையும் பார்க்கலாம்.

அறங்காவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த அறக்கட்டளையின் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடக்கிறது. எனக்குச் சால்வையும் வழிச்செலவும் தந்திருக்கிறீர்கள். அடுத்த வருடம் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இந்தப் பேரூராட்சியிலிருந்து நோயாளிகளாக நடிக்க வரும் பன்னிரண்டு பேருக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். பயிற்சிக்கு ஒரு நாள், தேர்வுக்கு ஒரு நாள். ஆலைக்கோ காட்டுக்கோ போயிருந்தால் அன்றைக்கு என்ன கூலி கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். மதிய சாப்பாடும் வேண்டும். பக்கத்தில் உள்ள கல்லூரிகளில் ஏதேனும் ஒன்று ஒத்துக்கொண்டால் நிலையங்களை எழுதித் தரவும், அந்த எட்டு மணி நேரமும் மணி அடிக்கவும் நான் வருகிறேன்.